பன்னிரண்டு படம், நாலு மூலை

அந்தப் பன்னிரண்டு படங்களையும் கார்னர் இரண்டு நாளில் ஐம்பது அறுபது தடவையாவது பார்த்திருப்பார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டும் பார்த்தார். அத்தனை தடவை பார்த்த மனுஷனுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது மூன்றாம் நாள் கேமராக் கடைக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கார்னர் என்பது டைல்ஸ் ஃபேக்டரியில் அவருக்கு வைத்த பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவருக்கு ஒரே வேலை. சூளையில் வெந்து, ஆறி, பெல்ட்டில் வரிசையாக வருகிற டைல்ஸின் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். நடுவைப் பார்க்க மேலே ஒரு மெஷின் இருக்கிறது. நிறம், பூ, கீறல் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொள்ளும். மூலையில் நகக்கண் அளவுக்குச் சில்லு போயிருந்தால் மட்டும் அதற்குப் பிடிபடாது, அதற்குத்தான் இவர். பெல்ட் நிற்காமல் ஓடும். நடுவில் கண்ணை விட்டால் ஒரு மூலை தப்பிவிடும் என்பதால் நடுவைப் பார்க்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் வெகு நன்றாகக் கற்றுக்கொண்டார்.

அந்தப் பழக்கம் ஃபேக்டரி கேட்டோடு நின்றதா? அதுதான் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே தரையைப் பார்த்து நிற்பார். "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்காத வீடு கிடையாது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மேஜையின் நாலு ஓரத்தையும் விரலால் தடவிவிட்டுத்தான் உட்காருவார்.

அவருடைய மனைவி டவுன் பஸ் டிரைவர். பதினாறு வருஷமாக ஒரே ரூட். இவருக்கு நாளெல்லாம் நின்றே வேலை, அவளுக்கு நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேருக்கும் கால் துறுதுறுக்கும். மலையேறலாம் என்று முதலில் ஆரம்பித்தது அவள்தான். "ஆறு நாளும் ஹாரன் சத்தம், ஒரு நாளாவது காதுக்கு ரெஸ்ட் வேணும்" என்பாள். கேமரா பின்னால் வந்தது. அவர் எடுத்த மலைப் படங்கள் வீட்டுச் சுவரெல்லாம் தொங்குகின்றன. எல்லாப் படத்திலும் மலை இருக்கும், மேகம் இருக்கும், நடுவில் சின்னதாக அவள் நிற்பாள். ஆள் நின்றால்தானே மலை எவ்வளவு பெரிது என்று தெரியும் என்பார். அதற்காகவே அவளைப் பாறை பாறையாக ஏற்றி நிறுத்துவார்.

அவரிடம் இருந்த பழைய லென்ஸ் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அவள் அதற்கு வைத்திருந்த பேர் சக்களத்தி. "என் சக்களத்திய மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறுங்க, நான் பின்னாடி டிரைபாட் ஸ்டாண்டத் தூக்கிட்டு வர்றேன்" என்பாள். ஐம்பது வயது தாண்டிய பிறகு சக்களத்தியின் கனம் அவருக்குக் கழுத்தில் தெரிய ஆரம்பித்தது. பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. எடை குறைந்த லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஆறு மாதமாக அலைந்தார்.

எடை குறைவு என்றால் சும்மா வந்துவிடுமா? மலையில் பட்டப்பகலில் எடுக்கிற படத்துக்கு வெளிச்சத்தை வாரி வாரி உள்ளே விடுகிற அகலமான லென்ஸ் தேவையில்லை, துவாரத்தை நடுத்தரமாக மூடி வைத்து எடுத்தால் போதும் என்பது அவருக்கே தெரியும். தூறலில் நனைந்தால் தாங்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு திருகினாலும் வளையம் திரும்ப வேண்டும், பள்ளத்தாக்கு முழுசும் அடங்க வேண்டும், எதிர் உச்சியையும் கொஞ்சம் கிட்டே இழுத்துக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் பொருந்தி, பழையதில் பாதி எடைகூட இல்லாத ஒன்று கடையில் இருந்தது. கையில் வாங்கியதும் பூவைத் தூக்கியது போல இருந்தது அவருக்கு. ஆனால் லேசான லென்ஸ்களில் படத்தின் மூலை கலங்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூலை என்று சொன்ன பிறகு இந்த மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

"மூணு நாள் கொண்டு போய் எடுத்துப் பாருங்க சார், செவ்வாக்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்க" என்று கொடுத்தனுப்பினாள் கடைக்காரம்மா. அந்தக் கவுண்டரில் பல வருஷமாக நிற்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைமுகட்டில் பரீட்சை நடந்தது. பழைய லென்ஸில் ஆறு படம், புதியதில் ஆறு படம். துவாரத்தை ஒவ்வொரு படியாக மூடிக்கொண்டே போய், ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சி. எந்தப் படம் எது என்று குழம்பாமல் இருக்க அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ஒரு வெள்ளை டைலும் ஒரு மார்க்கரும் கொண்டுபோயிருந்தார். பதினைந்து அடி தள்ளி ஒரு பாறைமேல் அவள் நிற்க வேண்டும். டைலில் ஒன்று, இரண்டு என்று எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். படம் எடுத்ததும் துடைத்துவிட்டு அடுத்த எண்.

"ஜெயில்ல போட்டோ எடுக்கற மாதிரி இருக்குங்க" என்று சிரித்தாள். முதல் ஏழு படம் அப்படித்தான் போனது.

எட்டாவதில் எண் கோணிக்கொண்டு வந்தது. ஒன்பதாவதில் டைலை இடது கையில் மட்டும் பிடித்திருந்தாள். அப்புறம் மேகம் வந்து எதிர் உச்சியை மூடியது. அவர் கேமராவை விட்டு நகரவில்லை, மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விலகியதும் பத்தாவதை எடுக்கக் குனிந்தால், டணார் என்று டைல் பாறையில் விழுந்து உடைந்தது.

"அட, கீழ போட்டுட்டியே! ஒரு டைலப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாதா?" என்று கத்தினார். அவள் ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. குளிர்காற்றில் வாய் விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எண் இல்லாமலே பத்தாவதை எடுத்துவிட்டார். பதினோராவதுக்கு அவள் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிம்மா, உக்காந்தா எல்லாம் மாறிப்போயிடும்! இன்னும் ரெண்டே ரெண்டு!" என்றார். அவள் எழுந்து நின்றாள். எழுந்து நின்றாளே, அதைச் சொல்லுங்கள்! பன்னிரண்டாவதில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

இறங்கும்போது, "வலது கை மரத்துப் போச்சுங்க அப்ப, இப்பப் பரவால்ல" என்றாள்.

"டிரைபாட ஒரே தோள்ல போட்டுக்கிட்டு வந்தல்ல, அதான்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், செவ்வாய்க்கிழமையும் போனாள்.

செவ்வாய் பிற்பகல் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கார்னர் கடையில் நின்றார். கவுண்டர் மேல் இருந்த பெரிய திரையில் கடைக்காரம்மா படங்களைத் திறந்தாள். அவர் மளமளவென்று புகாரை ஆரம்பித்தார்.

"ஏழாவதுல மேல வலது மூலை பாருங்க. இலையெல்லாம் களிம்பு பூசுன மாதிரி இருக்கு. ஒன்பதாவதுல சரியாயிடுது. ஆனா கீழ இடது மூலை..."

"கொஞ்சம் இருங்க சார்." ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக அவள் படத்தைச் சுருக்கியிருந்தாள். சுருக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுவைப் பெரிதாக்கினாள். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். மறுபடி ஏழுக்குப் போனாள்.

"சார், இவங்க யாரு?"

"என் வீட்டுக்காரிதான். அளவுக்காக நிக்க வெச்சேன். அதில்ல, இந்தக் கீழ் மூலை..."

"மூலைய விடுங்க சார்!" கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க வாயப் பாருங்க."

அவர் பார்த்தார். முதல் தடவையாக.

ஏழாவது படத்தில் அவள் எப்போதும்போல இருந்தாள். எட்டாவதில் வாயின் வலது ஓரம் லேசாக இறங்கியிருந்தது. ஒன்பதாவதில் அந்தப் பக்கத்துக் கன்னமே தொங்கிப்போயிருந்தது, வலது கை துணி மாதிரிப் பக்கவாட்டில் கிடந்தது. பத்தில் காலடியில் உடைந்த டைல், முகத்தில் ஒரு பாதி மட்டும் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தது. பதினொன்றில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றிருந்தாள், இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டில் எல்லாம் திரும்பி வந்துவிட்டிருந்தது.

"அய்யோ" என்றார். நகக்கண் அளவு சில்லைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண். கட்டினவளின் வாயோரம் இறங்கிக் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் இரண்டு நாள் இலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் சார் வந்துட்டுப் போச்சு. கால் மணி நேரந்தான். அதான் சரியாயிடுச்சேன்னு விட்டுட்டோம். மூணாம் நாள்..." கடைக்காரம்மா அதை முடிக்கவில்லை. "இவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"பஸ்ஸு" என்றார். "பஸ் ஓட்டிக்கிட்டிருக்கா."

"மொதல்ல போனப் போடுங்க சார்" என்றாள் கடைக்காரம்மா.

வண்டி ஓட்டும்போது அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுவாள், பதினாறு வருஷப் பழக்கம். இருந்தாலும் அடித்தார். அணைத்துத்தான் இருந்தது. டிப்போவுக்கு அடித்தார். "கடைசி ஸ்டாப்புல வண்டி நின்னதும் சொல்றோம் சார்" என்றார்கள். கடைசி ஸ்டாப்புக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் அவளுடைய ரூட் இந்தக் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. மூணு நாற்பதுக்கு எதிர் ஸ்டாப்பில் வந்து நிற்பாள். கடிகாரத்தை அவளைப் பார்த்துத் திருத்திவைக்கலாம், அப்படி ஓட்டுகிறவள். மணி மூணு முப்பத்திரண்டு. "நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆம்புலன்ஸ வரவெக்கிறேன், நீங்க போங்க!" என்று கடைக்காரம்மா அவர் கேமராவையும் படங்கள் இருந்த கார்டையும் அவர் கையிலேயே திணித்தாள். அவர் விழுந்தடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

மூணு நாற்பது ஆனது. பஸ் வரவில்லை. நாற்பத்தொன்று. வேறு ரூட் வண்டிகள் இரண்டு வந்து போயின. நாற்பத்திரண்டு. தாமதமே ஆகாதவள்! நாற்பத்து மூன்றில் ஸ்டாப்பின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டை எட்டிப் பார்த்தார். பாலத்தில் ஏறும்போது கை விழுந்திருந்தால்? இறக்கத்தில்? உள்ளே எத்தனை பேர்? பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தூரத்தில் ஏதோ ஹாரன் நீளமாக அடித்தது. நான் பார்த்திருந்தால், ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை நடுவில் பார்த்திருந்தால் என்று அதையே திருப்பித் திருப்பி முனகினார். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி இரண்டடி தள்ளிப்போய் நின்றாள்.

மூணு நாற்பத்தாறுக்குத் திருப்பத்தில் பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. ஓட்டுகிற இடத்தில் அவள்தான் இருந்தாள்.

கதவு திறந்ததும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்.

"ஏங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க? இளையவள வாங்கியாச்சா?" என்று சிரித்தாள். புது லென்ஸுக்கு அதற்குள் பேர் வைத்துவிட்டிருந்தாள்.

"வண்டிய ஆஃப் பண்ணு."

"என்னது?"

"ஆஃப் பண்ணும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"வேலை நேரத்துல என்னங்க விளையாட்டு? ஏற்கெனவே ஆறு நிமிஷம் லேட்டு."

"ஏன் லேட்டு?"

அவள் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவர், "என்ன டிரைவரம்மா, குடும்பச் சண்டைய வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?" என்று குரல் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள்.

"போன ஸ்டாப்புல கை மறுபடியும் மரத்துச்சு" என்றாள் மெதுவாக. "உதறிவிட்டுக்கிட்டு, சரியானதும் எடுத்தேன்."

அவர் கார்டைக் கேமராவில் செருகி, ஒன்பதாவது படத்தை எடுத்து, நடுவைப் பெரிதாக்கி, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

தன் முகத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கை தானாக வாயோரத்துக்குப் போனது. கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்தாள். சீருடை போட்ட பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், மடியில் குழந்தையோடு ஒருத்தி, நிற்க இடமில்லாத கூட்டம். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இன்ஜினை நிறுத்தினாள், சாவியை உருவிக் கார்னரின் கையில் வைத்தாள்.

"எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்றாள் எழுந்து திரும்பி. "வண்டி இதுக்கு மேல போகாது. டிரைவருக்கு உடம்பு சரியில்ல. பின்னாடியே அடுத்த வண்டி வருது, பாத்து இறங்குங்க, பிள்ளைங்கள மொதல்ல விடுங்க."

கடைசி ஆள் இறங்குகிறவரைக்கும் நிமிர்ந்தே நின்றாள். இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்து, "எத்தன பேருங்க... எத்தன பேரு உள்ள இருந்தாங்க" என்று அழ ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் அவள் வலது கையை விடவேயில்லை, விரல்கள் திருப்பி அழுத்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். கார்னர் கார்டை எடுத்துக் கொடுத்தார். எட்டாவது படம் பத்து மணி பதினாலு நிமிஷம், பன்னிரண்டாவது பத்து முப்பத்தொன்று. பதினேழு நிமிஷம் முழுசும் அதில் இருந்தது.

"மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் நின்னு நின்னு போயிருக்கு. போயிடுச்சேன்னு நம்மள ஏமாத்தும், பெருசு பின்னாடியே வரும்" என்றார் டாக்டர். திரையை மறுபடி பார்த்தார். "இவ்வளவு துல்லியமா இத யாரும் எனக்குக் காட்டினதில்ல. நல்லா எடுத்திருக்கீங்க."

நல்லா எடுத்திருக்கீங்களாம்! செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். காலடியில் ஆஸ்பத்திரித் தரை, ஒரு டைலின் மூலை நன்றாகவே சில்லு போயிருந்தது. கண் அங்கே போனதும் பட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொன்னார்கள். வியாழக்கிழமை கழுத்தைத் திறந்து சரிசெய்தார்கள். சனிக்கிழமை காலை அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் கட்டு. ஒரு வருஷத்துக்காவது ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அதற்கு மேலும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சற்று முன்னால்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டு அவள் அழுது முடித்திருந்தாள்.

கார்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள். "எந்த லென்ஸு நல்லா இருந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டுலயும் நீ தெளிவாத்தான் இருந்த" என்றார். "நாந்தான் பாக்கல." பெரிய மனுஷன், இருபது படுக்கைகள் இருந்த வார்டில் வாய்விட்டு அழுதார்.

அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு, "போதும், நர்ஸு பாக்கறாங்க" என்றாள். "லேசா இருக்கறதையே வாங்கிடுங்க."

"எனக்கு இனிமே லென்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"உங்களுக்கு வேணாம்னா எனக்கு மலை வேணும்ல? இனிமே டிரைபாடும் நீங்கதான் தூக்கணும், என் பையும் நீங்கதான் தூக்கணும். சக்களத்தியையும் சேத்துத் தூக்கினா பாதி வழியிலேயே உக்காந்துடுவீங்க." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார். இடது ஓரம். வலது ஓரம். இரண்டும் ஒன்றுபோல உயர்ந்திருந்தன.

"இன்னொரு தடவ சிரி" என்றார்.